எல்லாமே மாறிடுச்சாம்

இதோ, இன்றைக்கும் எல்லாமே மாறிடுச்சாம். எதுய்யா மாறியது? மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம், அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, அந்த ஃபோட்டோவில் புதிதாக என்ன மாறிவிடப் போகிறது, மாப்பிள்ளைக்கு ராத்திரியோடு ராத்திரியாக மீசை முளைத்துவிட்டதா? தில்லைநாயகி திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோடு நோஞ்சானாக நகர்ந்தது. ஃபோட்டோக் கடையில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் இந்தப் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அது என்றைக்காவது படுத்துவிட்டால் ஊர் சிரித்துப் போகும் என்று தினம் ஒரு தரம் பக்கத்து டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது வழக்கம். அதற்கு ஒரு சாஃப்ட்வேர். புதிதாக வந்ததை எடு, திருத்தினதை எடு, மற்றதைத் தொடாதே, இவ்வளவுதான் அதற்கு இட்ட வேலை. பச்சைப்பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். இந்தச் சனியனுக்குப் புரியவில்லை. நேற்று எடுத்ததையே இன்றைக்கும் எடுக்கிறது, புதுக்கோட்டையில் நடந்த அத்தனை கல்யாணத்தையும் திரும்ப முதலிலிருந்து நடத்துகிறது. அதுவாவது எடுத்துத் தொலையட்டும், மின்சாரம் முதலாளி வீட்டுக் காசு. ஆனால் எடுத்ததோடு நிற்கிறதா? எழுதி வேறு வைக்கிறது. மாறியவை, எல்லாம். மாற்றியவர் பெயர் என்று கேட்டால் ராத்திரி பகலாக அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற அவள் பெயர். அதைப் பார்த்துத்தான் பஞ்சநாதன் காலையில் பத்தரை தாண்டியதும் கேட்டார். பஞ்சநாதன் கடை முதலாளி, அவளுக்கு அண்ணன் மாதிரி, பதினோரு வருஷமாக அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த அண்ணன் கேட்டார், ஆலங்குடியிலிருந்து ஆல்பம் சொல்ல வந்த ஆட்கள் நிற்கும்போது, ஃப்ரேம் போடுகிற யாகப்பன் நிற்கும்போது, "யாருக்கு நாயகி காப்பி பண்ணிக் குடுக்குற?" என்று. சத்தம்கூடப் போடவில்லை. காபி சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை, திருப்பிச் சத்தம் போட்டிருப்பாள்.

யாருக்குக் காப்பி பண்ணிக் குடுக்குற. அவள் என்ன செய்யவில்லை, அதைச் சொல்லட்டும். கேபிளை மாற்றினாள். டிஸ்க்கை வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தாள். வைரஸ் இருக்குமோ என்று ஒரு பகல் முழுக்கத் துடைத்தாள், அன்றைக்கு ஒரு வேலை ஓடவில்லை, அதற்கும் ஒரு பேச்சு வாங்கினாள். பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று போட்டாள், அதுவும் இதே பாட்டைத்தான் பாடியது. அளவைப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. தேதியைப் பார்த்தாள், அதே தேதி. பிறகு என்ன மாறியது? போகட்டும், தினமும் இப்படிச் செய்தால் சரி, டிஸ்க்குக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடலாம். அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பார்த்தால் பரமசாது, ஒன்றையும் தொடாது. புதன் வந்தால் எல்லாவற்றையும் வாரிப் போடும். வியாழக்கிழமை திரும்ப வாரும். இது என்ன மெஷினா, மாமியாரா? கடைசியில் ரிப்பேர்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டார்கள். வந்தான், நாற்காலியில் சாய்ந்தான், கொடுத்த டீயைக் குடித்தான், நாலு பட்டனைத் தட்டினான். "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. யாரோ தினம் தொறந்து சேவ் பண்றாங்க" என்றான். போய்விட்டான். போகிற போக்கில் ஒரு வார்த்தை, அவனுக்கு என்ன. அவன் வீட்டில் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பான். யாரோ என்றால் யார்? இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று பில் போட உட்காருகிற முதலாளியின் சம்சாரம், கனகாம்பாள் அண்ணி. அண்ணியைக் கேட்க முடியுமா? ஆகக்கூடி யாரோ என்றால் நாயகி. அதிலும் ரோஸ்லின் வேறு தை மாதம் கடையை விட்டுப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக ஸ்டூடியோ திறந்துவிட்டாள். எட்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவள், வழியில் பார்த்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவா முடியும்? ஒரு நாள் ஜூஸ் கடையில் நின்று இரண்டு பேரும் சாத்துக்குடி ஜூஸ் குடித்தார்கள். பைக்கில் போன பஞ்சநாதன் பார்த்தார். வண்டியை மெதுவாக்கினார், போனார். அந்த ஜூஸைத்தான் இத்தனை நாள் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குடித்தது அவள், செரிக்காதது அவருக்கு. ரோஸ்லினுக்கு இந்தப் பழைய கல்யாணங்கள் எதற்கு? யார் வீட்டு மணவறையையோ வைத்துக்கொண்டு அவள் என்ன பொங்கியா சாப்பிடுவாள்? மாடல் காட்டுவதற்காம். நம்ம டிசைனாம். அட, அந்த டிசைனைப் போட்டதே நான்தானே அண்ணே, என் மண்டைக்குள் இருக்கிறதே, அதை எந்த டிஸ்க்கில் காப்பி பண்ணிக்கொண்டு போக வேண்டும்? இந்த வார்த்தை காலையில் வந்ததா? வரவில்லை. இப்போது வருகிறது, எல்லாரும் உள்ளறைக்குப் போய்விட்ட பிறகு, அழகாக, கோர்வையாக.

வாயைத் திறக்காமல் நின்றாளே, அதுதான் தப்பு. ஆலங்குடிக்காரர்களில் ஒரு அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொண்டது. அதை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்தக் கை, அந்தப் பை, அதே இழுப்பு. எட்டாம் வகுப்பில் யாரோ ஒருத்தியின் காம்பஸ் டப்பா காணாமல் போனது. நாயகி அன்றைக்குக் கடைசியாக வெளியே வந்தாளாம். பையைக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினாள். நோட்டு, ஸ்கேல், பாதி தின்ற கடலை மிட்டாய். இல்லை. சரி, இல்லைதானே, விட வேண்டியதுதானே? மறுநாள் சாயங்காலமும் கொட்டச் சொன்னாள் கிளாஸ் லீடர். அதற்கு மறுநாளும். நேற்றுப் பார்த்த அதே பை, அதே நோட்டு, ஒரு புதுப் பென்சில்கூடச் சேரவில்லை, அதைத் தினம் தினம் பார்த்தால் காம்பஸ் உள்ளே குட்டியா போடும்? மாறவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிற ஜென்மங்களுக்கு என்னதான் பண்ணுவது? திரையில் பச்சைக் கோடு இன்னொரு கல்யாணத்துக்குள் நுழைந்தது. கொட்டு, பையைக் கொட்டு. கடைசியில் அந்த டப்பா எங்கே கிடைத்தது? டீச்சரின் மேஜை டிராயரிலேயே. அவரேதான் பிடுங்கி வைத்திருக்கிறார், மறந்துவிட்டார். கிடைத்த பிறகாவது ஒருத்தி வந்து, நாயகி, நீ எடுக்கலை என்று சொன்னாளா? சொல்லவில்லை. கிடைச்சுருச்சாம்ல என்றார்கள். அவ்வளவுதான். கிடைச்சுருச்சாம்ல. எடுத்தாள் என்பதை வகுப்பு முழுக்கச் சொன்னவர்கள், எடுக்கவில்லை என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற வரைக்கும் அவள் பாதி எடுத்தவளாகவே இருந்தாள். இப்போதும் அதேதான் நடக்கப் போகிறது. "நான் ஒரு எட்டு வெளியே போயிட்டு வர்றேன், அதுக்குள்ள யோசிச்சு வை. உண்மையைச் சொல்லிட்டா வேலையாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உண்மை! அவரிடம் இருக்கிற உண்மையை அவள் எங்கேயிருந்து கொண்டுவந்து கொடுப்பாள்? வேலை போனால் போகிறது, இன்னொரு வேலை. எங்கே? இந்த ஊரில் நாலு ஸ்டூடியோ, நாலு முதலாளியும் ஒரே கல்யாண மண்டபத்து வாசலில் நின்று பேசிக்கொள்கிறவர்கள். கல்யாண வீட்டுப் படம் என்றால் சும்மாவா, பெண் பிள்ளைகளின் முகம், நகை, குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்பதெல்லாம் இருக்கும். வெளியே கொடுக்கிறவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எவன் தன் வீட்டுப் படத்தைத் தொட விடுவான்? ரோஸ்லின்கூட யோசிப்பாள். வீட்டில் சொன்னால் சேதுராமன் ஒரே சொல் வைத்திருக்கிறான், விடு. பால் பொங்கினாலும் விடு, பெண்டாட்டியைத் திருடி என்றாலும் விடு. நல்ல மனுஷன், அடிக்க மாட்டான், கேட்க மாட்டான், விடு. எத்தனையைத்தான் விடுவது?

கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம், ஆனால் தண்ணீருக்கு அது தெரியுமா. முந்தானையால் துடைத்தாள். கை சும்மா இருக்கவில்லை, திரையின் வலது கீழ் மூலையைச் சுரண்ட ஆரம்பித்தது. அங்கே ஆயுதபூஜைக்கு அண்ணி வைத்த சந்தனம், மேலே குங்குமம். இந்தப் புது மானிட்டருக்குச் சட்டமே இல்லை, விளிம்பு வரை கண்ணாடி, பொட்டு வைக்க இடம் ஏது, கண்ணாடி மேலேயே ஒரு அப்பு அப்பிவிட்டாள். கடையில் கத்தரிக்கோலுக்கும் உண்டு, கேமராவுக்கும் உண்டு, ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் உண்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லையென்றால் அது கோபித்துக்கொள்ளும். துடைக்கக் கூடாது, தானாக உதிரணும் என்று அண்ணி உத்தரவு. நாலைந்து மாதமாக உதிரவில்லை, காறை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. உதிராதா, உதிரேன் பார்ப்போம். நகத்தால் சுரண்டினாள், பொடி விசைப்பலகையில் விழுந்தது, விழட்டும், வேலையே போகிறதாம், பொட்டு போனால் என்ன. யாருக்குக் காப்பி பண்ணிக் குடுக்குற. ஒரு சில்லு பெயர்ந்தது. யாருக்கு. இன்னொரு சில்லு. அடியில் வெள்ளையாக எண்கள் தெரிந்தன. ஒன்பது முப்பத்தெட்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், பார்த்தது உள்ளே இறங்கவில்லை. காலையில் கடை திறந்ததே ஒன்பதரைக்கு. ஆலங்குடிக்காரர்கள் வந்து, பில் போட்டு, அவளைக் கேட்டு, மானம் போய், இவ்வளவுக்கும் எட்டு நிமிஷம்தானா ஆயிற்று? சுவரைப் பார்த்தாள். சுவரில் பதினொன்று தாண்டி எட்டு. செல்போனை எடுத்தாள். அதுவும் பதினொன்று எட்டு. கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. நின்றால் நிற்கட்டும், பேட்டரி போயிருக்கும், என்று நினைக்கும்போதே கை பட்டியலுக்குப் போய்விட்டது. பட்டியலில் தேதி இருக்கிற கட்டம் குறுகல், தேதி மட்டும் தெரியும், அதற்கு அப்பால் வெட்டுப்பட்டிருக்கும், அவளும் இத்தனை நாள் தேதியைத்தான் ஒத்துப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒளிந்திருந்த நேரமெல்லாம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கிற படம், காலை ஐந்து பன்னிரண்டு. டிஸ்க்கில் இருக்கிற அதே படம், ஆறு நாற்பத்திரண்டு. அடுத்தது ஐந்து பதிமூன்று, ஆறு நாற்பத்து மூன்று. மேலே போனாள், கீழே போனாள், எந்தக் கல்யாணத்தைத் திறந்தாலும் ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. அந்த ஐந்து பன்னிரண்டு படத்தைத் திறந்தாள். தாலி கட்டுகிற படம். திருத்தாமல் கேமராவிலிருந்து வந்தபடியே கிடக்கிற படம், எடுத்த நேரம்தான் அதன் நேரம். அந்தக் கல்யாணத்துக்கு அவளும் போயிருந்தாள். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை குளிக்கவே போகவில்லை, மண்டபத்தில் தண்ணீர் வரவில்லை என்று அவன் சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு அவன் எப்படித் தாலி கட்டினான்? டிஸ்க் பழசு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிற மாதிரி ஆறு நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டது, எழுதினதை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் அப்படியில்லை, எந்த ஊர் நேரம் என்று சொல்கிறோமோ அந்த ஊர்க் கணக்குக்குத் தாலி கட்டின நேரத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஊர் மாறியிருக்கிறது. கடிகாரத்தின் மேல் அழுத்தினாள். அபுதாபி என்று இருந்தது. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் உட்கார்ந்துகொண்டு அபுதாபி! அபுதாபியில் யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அண்ணியின் தம்பி அங்கேதான் இருக்கிறான்.

அண்ணி வாசல்படி ஏறும்போதே துர்க்கை சந்நிதி எண்ணெய் வாசம் உள்ளே வந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம், பத்தரைக்கு மேல், எலுமிச்சம்பழ விளக்குப் போட்டுவிட்டு வருகிறாள். காலையில் நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது மாதிரி, "இந்தா நாயகி, குங்குமம் எடுத்துக்க" என்றாள். பாவம், அவள் மனசில் ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நாயகி குங்குமம் எடுத்துக்கொண்டாள். "அண்ணி, இந்த மெஷின்ல மணியை நீங்க மாத்துனீங்களா?" அண்ணி திரையைப் பார்த்தாள். "ஐயையோ, சந்தனத்தைச் சொரண்டிட்டியா! யாருடி ஒன்னையச் சொரண்டச் சொன்னது?" "அது கெடக்கட்டும் அண்ணி. மணியை மாத்துனீங்களா?" "மணியை எங்க மாத்துனேன், மணியை மாத்துனா அதுவா இன்டர்நெட்டைப் பாத்துத் திரும்பிக்குதே. ஊரைத்தான் மாத்துவேன். எந்தம்பி ஃபோன்ல சொல்லிக் குடுத்தான்." அண்ணிக்கு அதில் ஒரு பெருமைகூட. கார்த்திகையில் ஒருத்தர் அட்வான்ஸ் பில்லைக் கிழித்துக் கவுண்டர் மேலேயே போட்டாராம், ராகுகாலத்தில் பிள்ளை கல்யாணத்துக்குப் பில் போட்டிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் மனுஷங்களா என்று. பில்லில்தான் மணியை அவ்வளவு பெரிதாக அடிக்கிறதே. வந்த வாடிக்கையைப் பன்னிரண்டு மணி வரை உட்காரச் சொல்ல முடியுமா? "தம்பி ஊரு நமக்கு ஒன்றரை மணி பின்னால. ராகுகாலமும் ஒன்றரை மணிதானே? மாத்தி விட்டா ராகுகாலம் வர்றதுக்கு முன்னாடி போய் நின்னுக்குது. கடை அடைக்கிறப்ப நம்ம ஊரை வச்சுட்டுப் போயிடுவேன். எந்நாளும் இல்ல, அந்நேரத்துல யாராச்சும் வந்தா மட்டும்தான்." செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு, நாயகி நகல் எடுப்பது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். அதனால்தான் செவ்வாய் சாது. புதன் பன்னிரண்டு, வெள்ளி பத்தரை, நடுவில் வியாழக்கிழமை நம்ம ஊர் நேரம் திரும்பி வந்துவிடுவதால் திரும்ப வாரல். அடப் பாவிகளா. பஞ்சாங்கத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், அவள் கேபிளையும் வைரஸையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?" "தெரியாம? பில்லுல ராகுகாலம் விழக் கூடாதுன்னு அவருதானே சொன்னாரு" என்றாள் கனகாம்பாள். அவள் குரல் பாதியில் தேய்ந்தது. காலையில் நடந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஏன் நாயகி, அதுனாலயா?" என்றாள்.

பஞ்சநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "என்ன, யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் அண்ணே, நிறைய யோசித்தேன். இதைச் சொல்லவில்லை. தாலி கட்டுகிற படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, "இது யாரு எடுத்த படம்ணே?" என்று கேட்டாள். "நான் எடுத்தது. அதுக்கு என்ன இப்ப?" "முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே?" "ஆறு ஏழரை." "இதுல அஞ்சே காலுக்குத் தாலி கட்டிட்டான்னு போட்டிருக்கு, பாருங்க." அவர் குனிந்தார். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள், இந்தப் பக்கத்து நேரம், அந்தப் பக்கத்து நேரம், நடுவில் ஒன்றரை மணி, மூலையில் கடிகாரம், அதற்குள் அபுதாபி. அவர் மெள்ள நிமிர்ந்து சம்சாரத்தைப் பார்த்தார். சம்சாரம் எலுமிச்சம்பழ மூடியைப் பார்த்தாள். உள்ளறையில் ஆலங்குடிக்காரர்கள் சாம்பிள் ஆல்பம் புரட்டுகிற சத்தமும், யாகப்பன் ஃப்ரேமுக்கு ஆணி தட்டுகிற சத்தமும் கேட்டன. "அட" என்றார் பஞ்சநாதன். பிறகு சிரித்தார், சிரித்தே விட்டார். "கம்ப்யூட்டர் பண்ணின கூத்தா இது! சரிம்மா, விடு."

விடு. இங்கேயும் விடு. கிடைச்சுருச்சாம்ல.

"கம்ப்யூட்டர் ஒரு கூத்தும் பண்ணலைண்ணே. சொன்னதைச் செஞ்சுது. நீங்கதான் என்னையக் கேட்டீங்க, யாருக்குக் காப்பி பண்ணிக் குடுக்குறேன்னு. அவங்க எல்லாரும் நிக்கும்போது கேட்டீங்க."

"ஏதோ ஒரு இதுல கேட்டுட்டேன். உன்னையத் தெரியாதா எனக்கு?"

"உங்களுக்குத் தெரியும்ணே. அந்த ஆலங்குடி அம்மாவுக்குத் தெரியாது. யாகப்பண்ணனுக்குத் தெரியாது. உள்ளதான் இருக்காங்க. நாயகி எடுக்கலை, நான் கேட்டது தப்புன்னு அவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். அண்ணி, சொல்லுங்களேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். அவள் வந்த பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் வேலைக்காரர் யாரிடமும் தன் மேல் தப்பு என்று சொன்னதில்லை, அதற்கு வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றே தெரியாமல் நின்றார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது. "சொல்றேம்மா. சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? நல்ல வார்த்தை சொல்றதை நல்ல நேரத்துல சொல்லணும். ராகுகாலம் ஓடுது பாரு. பன்னிரண்டு தாண்டட்டும், நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

பன்னிரண்டுக்கு ஆலங்குடிக்காரர்கள் பஸ்ஸில் இருப்பார்கள். அந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடையில் ஒரு திருடி இருக்கிறாள் என்று பக்கத்து ஸீட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும். நாயகி எழுந்தாள். மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கம் திருப்பினாள். சந்தனப் பொடி மேஜை மேல் சிந்தியது. பச்சைக் கோடு இன்னும் யார் கல்யாணத்தையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

"என்னையக் கேட்டதும் ராகுகாலத்துலதாண்ணே. அப்ப பாக்கலை" என்றாள். குரலை உயர்த்தினாள், உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி. உள்ளே ஆணிச் சத்தம் நின்றது. "இப்பப் பாருங்க. இந்தக் கடை மெஷின்ல மணி ஒன்பதே முக்கால். உங்க ராகுகாலம் இன்னும் வரவே இல்லை. சொல்லுங்க."